மோர்டோருக்குச் சோறு போட்டது யார்? (கற்பனை உலகங்களின் வரவு செலவுக் கணக்கு)

2014ஆம் வருஷம் ஜனவரி 27. பி-ஆர்5ஆர்பி என்று ஒரு நட்சத்திர மண்டலம். பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது ஒரு கம்ப்யூட்டர் கேமுக்குள் இருக்கிற இடம். அந்த மண்டலத்தைக் கையில் வைத்திருந்த கூட்டணி அதற்காகத் தவறாமல் ஒரு தொகை கட்டி வர வேண்டும். கிட்டத்தட்ட வாடகை மாதிரி. அந்தத் தவணை எப்படியோ கட்டப்படாமல் போய்விட்டது. அவ்வளவுதான். எதிர்க் கூட்டணி அதைக் கவனித்துவிட்டது, படையோடு உள்ளே புகுந்தது. அதற்குப் பிறகு சுமார் 21 மணி நேரம் சண்டை. 7,500க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் கலந்துகொண்டன. கூட்டம் தாங்காமல் கேமுக்குள் நேரத்தின் வேகத்தையே பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டி வந்தது. எல்லாம் முடிந்தபோது 75 டைட்டன் கப்பல்கள் அழிந்திருந்தன. நஷ்டம் சுமார் 11 லட்சம் கோடி இஸ்க். இஸ்க் என்பது அந்த உலகத்துப் பணம். நிஜப் பணத்தில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர்.

விண்வெளிப் போர், காரணம்: ட்யூ டேட் தவறியது. காமர்ஸ் படிக்கிற யாருக்கும் இதைக் கேட்டால் ஒரு தனி சந்தோஷம் வரும் :)

அந்த கேமின் பெயர் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தில் இருக்கும் சிசிபி என்ற கம்பெனி 2003ல் வெளியிட்டது. மற்ற ஆன்லைன் கேம்களில் கப்பல் உடைந்தால் மறுபடி பிறந்து, அதே கப்பலில் ஏறிப் போய்விடலாம். இதில் உடைந்தது உடைந்ததுதான். அந்த டைட்டன் ஒவ்வொன்றையும் ஆட்டக்காரர்களே கட்டியிருந்தார்கள். கனிமத்தை ஒருவர் தோண்டியிருப்பார், இன்னொருவர் சுமந்து வந்திருப்பார், வேறொருவர் சந்தையில் வாங்கி உருக்கிப் பாகங்கள் செய்திருப்பார். ஒரு டைட்டன் தயாராக மாதக் கணக்கில் ஆகும். அதனால்தான் அன்றைக்கு அத்தனை பேர் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கேம் கம்பெனி பிறகு அந்த இடத்தில் உடைந்த கப்பல்களை ஒரு நினைவுச் சின்னமாகவே மிதக்க விட்டது.

இப்போது ஒரு கேள்வி. அந்த விண்வெளி "நிஜம்" மாதிரி ஏன் தோன்றுகிறது? கிராபிக்ஸா? அதைவிட அழகான விண்வெளி எத்தனையோ கேம்களில் இருக்கிறது. கதையா? ஈவ் உலகத்துக்கு எழுதி வைத்த வரலாறு நிறைய உண்டு, அதைப் படிக்காமலேயே வருஷக்கணக்கில் ஆடுகிறவர்களும் உண்டு. அங்கே எதுவும் சும்மா வருவதில்லை, சும்மா போவதும் இல்லை. விஷயம் அதுதான். ஒரு பக்கம் டெபிட் விழுந்தால் இன்னொரு பக்கம் கிரெடிட் விழுகிறது.

கற்பனை உலகம் உருவாக்க ஆசைப்படுகிறவர்கள் கல்லூரிக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டின் பின்பக்கத்தில் மேப் வரைவார்கள். மலை, ஆறு, ஏழு ராஜ்ஜியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒரு கடவுள், உச்சரிக்க முடியாத பெயரில் ஒரு தலைநகரம். நாற்பது பக்கம் ஆன பிறகும் கதை ஆரம்பித்திருக்காது. ஆரம்பித்தாலும் படிக்கிறவருக்கு அது ஒரு உலகமாகத் தெரியாது, டிராமா செட் மாதிரிதான் தெரியும். பின்னால் போய்ப் பார்த்தால் மரச்சட்டமும் ஆணியும் இருக்கும் என்று தெரிந்துவிடும். விவரம் குறைந்ததால் இப்படி ஆவதில்லை. விவரம் கொட்டிக் கிடக்கும். ஆனால் ஒரு விவரத்துக்கும் இன்னொரு விவரத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்காது.

இந்த விஷயத்தில் எல்லாருக்கும் தாத்தா ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1939ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதில் அவர் சொன்னதன் சாரம் இது. கதாசிரியர் ஒரு இரண்டாவது உலகத்தை உருவாக்குகிறார். உள்ளே இருக்கும்வரை அங்கே நடப்பது அந்த உலகத்தின் சட்டப்படி உண்மை. சந்தேகம் வந்த நொடியில் மந்திரம் உடைந்து, வாசகர் வெளியே வந்து விழுகிறார். பச்சை நிறச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்வதற்குச் செலவே இல்லை. அந்தப் பச்சைச் சூரியன் இயல்பாகத் தெரிகிற ஒரு உலகத்தைக் கட்டுவதற்குத்தான் உழைப்பும் யோசனையும் வேண்டும் என்றார்.

அவர் அந்த உழைப்பைப் போட்டதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1937ல் வந்த 'தி ஹாபிட்' முதல் பதிப்பில் கொல்லம் (நம்மூர் பக்கத்துக் கொல்லம் இல்லை, இது குகையில் வாழும் ஒரு ஜந்து) விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தையே பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்ளும். தோற்றுவிடும். தேடிப் பார்த்தால் மோதிரம் காணோம், அது ஏற்கனவே பில்போவின் பையில் இருக்கிறது. கொல்லம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பதிலுக்கு வெளியே போகும் வழியைக் காட்டிவிடும். மரியாதையாகப் பிரிந்துவிடுவார்கள்.

பிறகு டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுத ஆரம்பித்தார். அதில் அந்த மோதிரம், கையில் வைத்திருப்பவரின் மனதையே தின்று விடுகிற ஒன்று. வைத்திருக்கும் யாராலும் அதைச் சுலபத்தில் விட முடியாது. அப்படியானால் கொல்லம் எப்படி அதைப் பரிசாகத் தர ஒப்புக்கொண்டது? பழைய புத்தகமும் புதிய புத்தகமும் டேலி ஆகவில்லை. நம்ம ஊர் சினிமாவாக இருந்தால் "இரண்டாம் பாகத்தில் யார் அதையெல்லாம் கவனிக்கப் போகிறார்கள்" என்று விட்டிருப்பார்கள். டோல்கீன் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். 1951ல் வந்த இரண்டாம் பதிப்பில் மோதிரம் பந்தயத்தில் இல்லை. தோற்றால் வழி காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு. மோதிரம் போனது தெரிந்ததும் கொல்லம் வெறி பிடித்துத் துரத்துகிறது.

இத்தோடு நிறுத்தியிருந்தாலே போதும். ஆனால் முதல் பதிப்பைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, அவர்கள் கையில் இருந்தது என்ன? அதற்கும் பதில் வைத்தார். பழைய கதை பில்போ தன் குறிப்பில் எழுதி வைத்த பொய். மோதிரம் தனக்கு நியாயமாகத்தான் வந்தது என்று காட்டிக்கொள்ள அவன் அப்படிச் சொன்னான். நேர்மையான ஒரு ஆளை முதல் நாளிலேயே பொய் சொல்ல வைத்தது என்பதே அந்த மோதிரத்தின் மேல் சந்தேகம் வருவதற்கு ஒரு காரணமாகிறது. அக்கவுன்டன்சி பேப்பரில் ரெக்டிபிகேஷன் என்ட்ரி என்று ஒரு சாப்டர் வரும் இல்லையா, அதில் வருகிற பழைய தப்பை அழிக்கக் கூடாது, புதிய பதிவு போட்டுத்தான் சரி செய்ய வேண்டும். இந்த மனிதர் அதை நாவலில் செய்திருக்கிறார். தப்பு அழியவில்லை. அது உலகத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாகிவிட்டது.

இதற்கு நேர் எதிர் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். ட்ரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துப் போகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டுவிட்டு மேலே போகலாம். பிறகு தவறைக் கண்டுபிடித்து அதைக் காலி செய்தாக வேண்டும். பாதி பேன்டஸி கதைகளில் மந்திரம் என்பது காலியே செய்யப்படாத சஸ்பென்ஸ் அக்கவுன்ட். ஹீரோ மாட்டிக்கொண்டாரா, மந்திரம். படை பசியாக இருக்கிறதா, மந்திரம். செத்துவிட்டாரா, ஒரு பச்சிலை. ஒரு தடவை பச்சிலையால் ஒருவர் பிழைத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கதையில் யார் செத்தாலும் வாசகர் அழமாட்டார், பச்சிலை எங்கே என்றுதான் கேட்பார்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரியலில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். 2011ல் வந்த முதல் எபிசோடில் ராஜா தலைநகரத்திலிருந்து வடக்கே வர ஒரு மாதம் ஆகிறது. அந்த ஒரு மாதத்தினால்தான் அந்த நாடு பெரிய நாடாகத் தெரிந்தது. செய்தி தாமதமாக வரும், உதவி தாமதமாக வரும், அதற்குள் யாராவது தலையை வெட்டிவிடுவார்கள். 2017ல் ஏழாவது சீசனில் பனிச்சுவருக்கு அப்பாலிருந்து ஒருவர் சுவருக்கு ஓடிப் போய்ச் சொல்லி, பறவை தூது போய், தெற்கே தீவிலிருந்து டிராகன் பறந்து வந்து காப்பாற்றுவது எல்லாம் ஒரே எபிசோடுக்குள் முடிந்துவிட்டது. டிராகன் இருப்பதை ஏழு வருஷமாக யாரும் கேள்வி கேட்கவில்லை. தூரத்தைத்தான் கேட்டார்கள். டிராகன் என்பது அந்த உலகத்தின் விதி. தூரம் என்பது அந்த உலகம் வாசகருக்குக் கொடுத்திருந்த வாக்கு.

கற்பனை உலகம் என்றாலே டிராகன், டைட்டன் என்று நினைக்க வேண்டாம். ஆர். கே. நாராயணின் மால்குடியும் முழுக்க முழுக்கக் கற்பனை ஊர்தான். 1930ல் எழுத உட்கார்ந்தபோது ஒரு சின்ன ரயில் நிலையமாகத்தான் அது அவர் மனதில் வந்தது. 1935ல் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலில் புத்தகமானது. சரயு ஆறு, மெம்பி மலை, லாலி ரோடு, கபீர் தெரு. மேப்பில் கிடையாது. ஆனால் "அது எந்த ஊர்?" என்று தேடுகிறவர்கள் குறையவே இல்லை. மைசூர் என்பார்கள், கோயம்புத்தூர் என்பார்கள். 1986ல் சங்கர் நாக் தூர்தர்ஷனுக்காக 'மால்குடி டேஸ்' எடுத்தபோது கர்நாடகத்தின் ஆகும்பேயில் அந்த ஊரைப் பிடித்தார். இப்போது ஆகும்பேக்குப் போகிறவர்கள் மால்குடியைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்கிறார்கள்!

மால்குடி ஏன் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் 1952ல் வந்த 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' படிக்க வேண்டும். பி.காம் மாணவர்கள் எல்லாரும் அவசியம் படிக்க வேண்டிய நாவல் அது. மார்க்கய்யா என்று ஒருவர். கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். பெட்டிக்குள் மை பாட்டில், ஒரு கணக்கு நோட்டு, வங்கியின் கடன் விண்ணப்பப் படிவங்கள். கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு வங்கிக்குள் நுழையவே பயம். படிவம் நிரப்பத் தெரியாது. யார் பெயரில் கடன் வாங்கினால் கிடைக்கும், பழைய கடனை எப்படிச் சுழற்றுவது, ஜாமீன் யாரைப் போடுவது என்று எல்லாம் மார்க்கய்யா சொல்லிக் கொடுப்பார். அந்தக் கமிஷனில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள். வங்கி உள்ளே, மரம் வெளியே, நடுவில் ஒரு தெரு. ஆனால் அதிலிருந்து ஊருக்கு வெளியே கிராமங்கள் இருக்கின்றன, அங்கே மழை பொய்க்கிறது, நிலம் அடமானத்தில் இருக்கிறது, சட்டம் ஒன்று போடுகிறது, ஜனங்கள் அதற்குள் வேறு வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. இதில் எதையும் நாராயண் பத்தி பத்தியாக விவரிக்கவில்லை. அப்புறம் மார்க்கய்யாவின் செல்ல மகன் பாலு அந்தக் கணக்கு நோட்டைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிடுகிறான். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு குழந்தை செய்த விஷமம் ஒரு குடும்பத்தின் தொழிலையே கவிழ்க்கிறது. அந்த நோட்டுக்கு என்ன மதிப்பு என்று முன்பே தெரிந்திருப்பதால்தான் அது விழும்போது வயிற்றைப் பிசைகிறது. எத்தனையோ நாவல்களில் ராஜ்ஜியமே விழும்போதுகூட அப்படி இருப்பதில்லை.

சரி, கேம் பக்கம். நாவலில் எழுத்தாளர் மட்டும்தான் உலகத்துக்குள் கை வைக்க முடியும். கேமில் ஆயிரக்கணக்கான பேர் உள்ளே வந்து கை, கால் எல்லாம் வைப்பார்கள். கணக்கு தப்பாக இருந்தால் விமர்சகர் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் வாரத்திலேயே நாறிவிடும்.

1997ல் வந்த அல்டிமா ஆன்லைன் அதற்குப் பாடப்புத்தகம். ரிச்சர்ட் காரியட்டின் ஆரிஜின் கம்பெனி செய்தது. ராஃப் காஸ்டர் என்பவர் முதன்மை வடிவமைப்பாளர்களில் ஒருவர். உண்மையான காடு மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு உயிர்ச்சூழலையே உள்ளே வைத்தார்கள். முயல் புல் தின்னும், ஓநாய் முயலைத் தின்னும், முயல் குறைந்தால் ஓநாய் வேறு இரை தேடி ஊருக்கு அருகில் வரும். கேட்கவே அழகாக இருக்கிறது இல்லையா? கேம் திறந்ததும் மக்கள் உள்ளே வந்து கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினார்கள். முயல், ஓநாய், மான் எதுவும் மிச்சமில்லை. உயிர்ச்சூழல் என்று ஒன்று இருந்ததையே யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். மனிதன் என்கிற மிருகத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பொருளாதாரத்திலும் அதே கதை. உலகத்தில் மொத்தம் இவ்வளவு கச்சாப் பொருள்தான் என்று முதலில் ஒரு மூடிய சுற்றாக வைத்தார்கள். பொருள் தேய்ந்து அழிந்தால் அது திரும்ப இயற்கைக்குப் போய்ப் புதிதாக முளைக்கும். நியாயமான ஏற்பாடு. ஆனால் ஆட்டக்காரர்கள் எதையும் தூக்கிப் போடவில்லை. சட்டை, கத்தி, கிழிந்தது, உடைந்தது எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகப் பதுக்கினார்கள். (வீட்டுப் பரணில் பழைய பிளாஸ்டிக் டப்பா அடுக்கி வைத்திருப்பவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.) இயற்கைக்குத் திரும்பப் போக ஒன்றுமில்லை, அதனால் புதிதாக முளைக்கவும் ஒன்றுமில்லை. மூடிய சுற்றைக் கைவிட வேண்டியதாயிற்று.

கைவிட்டால் அடுத்த வியாதி வரும். பெரும்பாலான கேம்களில் ஒரு பூதத்தைக் கொன்றால் பத்து பொற்காசு விழும். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, அப்போதுதான் அச்சடிக்கப்பட்டது. ஒரு லட்சம் பேர் தினமும் பூதம் கொன்றால் ரிசர்வ் வங்கியே இல்லாமல் ஒரு லட்சம் பேர் நோட்டடிப்பதாக அர்த்தம். அதனால் கேம் செய்கிறவர்கள் குழாய், வடிகால் என்ற கணக்கில் யோசிப்பார்கள். பணம் உள்ளே வருவது குழாய். வாடகை, ரிப்பேர் கூலி, வரி, அபராதம் என்று பணம் உலகத்தைவிட்டே வெளியேறுவது வடிகால். வடிகால் சின்னதாக இருந்தால் தொட்டி நிரம்பி வழியும். 2000ல் வந்த டையாப்லோ 2 கேமில் தங்கம் அப்படித்தான் செல்லாக்காசானது. ஆட்டக்காரர்கள் யாரும் சொல்லாமலே 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டான்' என்ற மோதிரத்தைப் பணமாகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அதையும் கள்ளத்தனமாக நகலெடுத்துக் குவித்தார்கள். 2003ல் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. அந்த மோதிரங்களைக் கேமுக்குள் இருக்கும் கடைக்காரரிடம் விற்று, விற்ற எண்ணிக்கை ஒரு அளவைத் தொட்டால் டையாப்லோவே பூமிக்கு இறங்கி வருவான், அவனைக் கொன்றால் அபூர்வப் பரிசு. ஜனங்கள் தாங்களே வரிசையில் நின்று பணத்தை அழித்தார்கள். பணவீக்கத்துக்கு மருந்தாகச் சாத்தானைக் கூப்பிட்ட மத்திய வங்கி உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும்.

இதையெல்லாம் விளையாட்டு என்று ஒதுக்காமல் முதலில் உட்கார்ந்து கணக்கு எடுத்தவர் எட்வர்ட் கேஸ்ட்ரோனோவா என்ற பொருளாதாரப் பேராசிரியர். எவர்க்வெஸ்ட் கேமின் நாராத் உலகத்தில், மக்கள் கேம் பொருட்களை வெளியே ஏலத்தில் நிஜப் பணத்துக்கு விற்ற விலையை வைத்து அந்த உலகத்தின் தேசிய வருமானத்தைக் கணித்தார். 2001ல் அவர் எழுதிய கட்டுரைப்படி தலைக்கு வருஷத்துக்கு 2,266 டாலர். இல்லாத ஒரு நாடு, ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. ஈவ் ஆன்லைன் கம்பெனி 2007ல் எயோல்ஃபுர் குட்முன்ட்சன் என்ற பொருளாதார நிபுணரை வேலைக்கே வைத்துக்கொண்டது. அவர் அந்த விண்வெளிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொருளாதார அறிக்கை போட்டார். 2014ல் ஐஸ்லாந்தில் ஒரு நிஜப் பல்கலைக்கழகத்துக்கு ரெக்டராகப் போனார்.

கணக்கு உறுதியாக இருந்தால் உலகம் படைத்தவரே எதிர்பார்க்காததையெல்லாம் செய்யும். 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் வந்த தொற்று அப்படித்தான். ஹக்கார் என்ற ஒரு பூதம் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டிக்கொள்கிற ஒரு ரத்த வியாதியைக் கொடுக்கும். சண்டை நடக்கும் இடத்தோடு அது முடிந்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் வளர்ப்பு மிருகங்களுக்கும் அது ஒட்டியது, மிருகத்தை உள்ளே அனுப்பிவிட்டு நகரத்துக்கு வந்து மறுபடி கூப்பிட்டால் வியாதியோடு வந்து நின்றது. கடைக்காரப் பாத்திரங்களுக்கும் ஒட்டியது, அவர்கள் சாகாமல் பரப்பிக்கொண்டே இருந்தார்கள். தெருவெல்லாம் எலும்புக்கூடு. வைத்தியம் தெரிந்த சிலர் ஓடி வந்து உதவினார்கள், பலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். 2007ல் எரிக் லோஃப்கிரனும் நீனா ஃபெஃபர்மனும் இதைப் பற்றி லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் எழுதினார்கள். 2020ல் கொரோனா வந்தபோது பலரும் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தார்கள்.

இன்னொன்று, சின்னது. டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் 2002லிருந்து செய்துவரும் கேம். 2015ல் அதில் மதுக்கடை சேர்த்தார்கள். உடனே ஊரில் பூனைகள் வாந்தியெடுத்துச் சாக ஆரம்பித்தன. காரணம் தேடினால்: குள்ளர்கள் கோப்பையிலிருந்து சாராயத்தைச் சிந்துகிறார்கள், பூனை அதில் நடக்கிறது, பிறகு பாதத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது, ஒரு நக்கலுக்கு ஒரு முழுக் கோப்பை குடித்ததாக கேம் கணக்கெடுக்கிறது. அளவில்தான் தப்பு. மற்றபடி அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் பொய் இல்லை. எல்லாப் பூனைகளும் கோப்பை கோப்பையாகக் குடித்துச் செத்துப்போன ஒரு ஊரை எந்த எழுத்தாளரும் யோசித்து எழுதியிருக்க முடியாது.

நோட்டின் பின்பக்கத்தில் மேப் வரைகிறவர்களுக்கு இதில் என்ன பயன்? ஒரு சாதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். பாலைவனத்தின் நடுவில் ஒரு லட்சம் பேர் வாழும் நகரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ தானியம் என்று வையுங்கள். தினம் 50,000 கிலோ. ஒரு மாட்டுவண்டியில் 500 கிலோ ஏற்றலாம் என்றால் தினமும் நூறு வண்டி கோட்டை வாசலுக்குள் நுழைய வேண்டும். வண்டி மாடும் தின்னும், அதற்குத் தீவனம் யார் கொண்டு வருவது? வழியில் தண்ணீர் யாருடைய கிணறு? கிணற்றுக்காரன் காசு கேட்டால்? ஒரு வாரம் மணல் புயல் அடித்தால் அரிசி விலை என்ன ஆகும், முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும்? இதற்குள்ளேயே மூன்று கதை இருக்கிறது. ஏழாவது ராஜ்ஜியத்தின் கொடி என்ன நிறம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மொழி உருவாக்குவது பெரிய கௌரவம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மதன் கார்க்கி 'பாகுபலி'க்காகக் கிளிக்கி மொழி செய்தார், 750க்கும் மேற்பட்ட சொற்கள், இலக்கணத்தோடு. 2015ல் தியேட்டரில் காலகேயர்கள் அதைக் கத்தியபோது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அவ்வளவு உழைக்க நேரமில்லாதவர்கள் மொழியை விட்டுவிட்டு உப்பு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் முடிவு செய்தால்கூடப் போதும். உலகம் கொஞ்சம் கெட்டியாகும்.

மந்திரம் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. பில் யாருக்கு வருகிறது என்று சொல்லிவிட வேண்டும். உர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'யில் ஒரு இடத்தில் மழையை வரவழைத்தால் அது இன்னொரு இடத்தில் வறட்சியாகலாம். கெட் என்ற பையன் கர்வத்தில், சவால் விட்டவனிடம் காட்டிக்கொள்ள, செத்தவர் ஆவியைக் கூப்பிடுகிறான். கூடவே ஒரு நிழல் உள்ளே வந்துவிடுகிறது. திறந்த அந்த வழியை மூடுவதற்கு வயதான தலைமை மந்திரவாதி தன் சக்தி முழுவதையும் செலவழித்துச் செத்துப்போகிறார். செய்தது ஒருவன், கட்டியது இன்னொருவர். இதைப் படித்த பிறகு அந்த உலகத்தில் யார் மந்திரம் சொல்ல வாயைத் திறந்தாலும் பக்கென்று இருக்கும். அவரே 1973ல் ஓமெலாஸ் என்ற ஊரைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். எல்லாரும் சந்தோஷமாக இருக்கும் ஊர். அந்தச் சந்தோஷம் முழுவதும் ஒரு இருட்டறையில் அடைக்கப்பட்ட ஒரே ஒரு குழந்தையின் துன்பத்தின் மேல் நிற்கிறது. ஊருக்கே அது தெரியும். ஓமெலாஸின் மேப்போ வரலாறோ யாருக்கும் தேவைப்படவில்லை. அதன் பேலன்ஸ் ஷீட்டில் ஒரே ஒரு வரி தெரிந்தது, அதற்கே ஊர் முழுசாகக் கண்முன் வந்துவிட்டது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2014ல் ஒரு பேட்டியில் டோல்கீனை லேசாகக் கிண்டல் செய்தார். அரகோர்ன் நல்ல ராஜாவாக ஆண்டார் என்று எழுதிவிட்டால் போதுமா, அவருடைய வரிக் கொள்கை என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. மார்ட்டினுடைய ராஜா 60 லட்சம் பொற்காசுக்கும் மேல் கடனில் இருப்பவர், அதில் பாதி மாமனார் வீட்டுக் கடன். கேட்க அவருக்குத் தகுதி உண்டு.

ஆனால் டோல்கீன் பக்கமும் ஒன்று இருக்கிறது, பலரும் வேகமாகத் தாண்டிப் போகிற இடம். மோர்டோர் முழுக்கச் சாம்பலும் கருங்கல்லும். அவ்வளவு பெரிய படை அங்கே எதைத் தின்றது? ஃப்ரோடோவும் சாமும் அந்தச் சாம்பலில் தவழ்ந்து போகும்போது நடுவில் இரண்டு வரி வருகிறது. தெற்கே நூர்னென் என்ற ஏரிக்கரையில் அடிமைகள் உழைக்கும் பெரிய வயல்கள் இருக்கின்றன, கிழக்கிலும் தெற்கிலும் இருக்கும் நாடுகளிலிருந்து கப்பமாகச் சாமான்களும் புதிய அடிமைகளும் வண்டி வண்டியாக வருகிறார்கள், ஆனால் இது இவர்கள் இருவருக்கும் தெரியாது. கதாநாயகர்கள் அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள். வயலை யாரும் காட்டவும் மாட்டார்கள். நூற்றுக்கணக்கான பக்கம் தள்ளாமல், போர் முடிந்து அரகோர்ன் முடி சூட்டிக்கொண்டதும் செய்கிற காரியங்களில் ஒன்றாக அந்த வயல் மறுபடி வருகிறது. மோர்டோரின் அடிமைகளை விடுதலை செய்து, நூர்னென் ஏரியைச் சுற்றியுள்ள நிலங்களை அவர்களுக்கே சொந்தமாகக் கொடுத்துவிடுகிறார். வரி எத்தனை சதவீதம் என்று டோல்கீன் எழுதவில்லை. நிலம் யார் பெயருக்குப் போனது என்று எழுதியிருக்கிறார்.